உப்பளத்துக் கம்பி

தூத்துக்குடியில் வடிவு டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. வீட்டிலேயே செட் வைத்துக் கடல் தாண்டிப் பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு டவர் நிறுத்திக் கொடுப்பார், ஆன்டெனா கட்டிக் கொடுப்பார், லைசென்ஸ் பரீட்சைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அதனால் டீச்சர். வயது நாற்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவர் டவரில் ஏறினால் கீழே நிற்பவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் இன்னாசி மோத்தா. டீச்சருக்குத் தகப்பன் வயது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவதே அவருக்கு மறந்து போயிருந்தது. அவர் சாமியார் காதில் பாவசங்கீர்த்தனம் செய்தால் மாதா கோயிலின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

டீச்சரைத் தேடி வந்த முதல் நாள் அவர் சிரிக்கவில்லை.

“ஒரே ஒரு கேள்விதான் டீச்சர். போன்னு ஒண்ணு இருக்கும்போது ரேடியோவுல வரச் சொல்லுதானே, எதுக்கு?”

“யாரு அண்ணாச்சி?”

“எம் மவன்.”

மகன் பெயர் ரெமிஜியுஸ். சரக்குக் கப்பலில் வேலை. துறைமுகத்திலேயே அவனுக்கு ஒரு வேலைக்கு அப்பா ஏற்பாடு செய்துவைத்திருந்தார். அவன் கடலுக்குத்தான் போவேன் என்று நின்றான். வீடு இரண்டுபட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் போன் நம்பரை மாற்றிவிட்டான். வெகுநாள் கழித்து, அவனோடு கப்பலில் இருந்த ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது தகவல் கொண்டுவந்தார். அப்பாவுக்கு என்னிடம் பேச வேண்டும் என்றால் ரேடியோவில் வரச் சொல்லுங்கள், கப்பலில் நான் ஒரு செட் வைத்திருக்கிறேன், ரேடியோவில் என் அழைப்புக் குறி இது, பொழுது சாயும்போது இந்த அலைவரிசையில் இருப்பேன். அவ்வளவுதான் தகவல்.

“என்னைய அலைய வைக்கணும்னே சொல்லியிருக்கான் டீச்சர். இந்த வயசுல பரீட்சை எழுத வைக்கான் பாருங்க. சரி, எழுதிட்டுப் போறேன். எனக்கு அவன் குரலைக் கேக்கணும்.”

இன்னாசி மோத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போகும்போது வாசல்ல நின்னு என்னமோ சொன்னான். நான் கத்திக்கிட்டு இருந்ததுல காதுல விழல. அவன் வாய் அசைஞ்சது மட்டும் கண்ணுலயே நிக்கு. அது என்னன்னு தெரிஞ்சாப் போதும்.”

டீச்சர் எழுந்து போய் ஒரு மைக்கை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார்.

“இந்தப் பட்டனை அமுக்குனா நீங்க பேசலாம். அமுக்கிட்டு இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் கேக்காது. விட்டாத்தான் கேக்கும்.”

“இது தெரியாதாக்கும்? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“அதான் சொன்னேன்.”

இன்னாசி மோத்தா மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீச்சருக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவர் படித்தார். முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை பரீட்சையில் தேறினார். லைசென்ஸ் வந்தது. அவர் வீடு ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. பின்னால் உப்பளம், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் கடல். கொல்லையில் டவரை நிறுத்தினார்கள். உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். அன்றைக்கே பொழுது சாயும்போது அவர் மகனைக் கூப்பிட ஆரம்பித்தார். மகனுடைய அழைப்புக் குறியையும் தன்னுடையதையும் மாற்றி மாற்றிச் சொல்லி, தொண்டை கட்டும் வரை கூப்பிட்டார். பட்டனை விட்டால் ஹெட்போனில் வெறும் இரைச்சல். மறுபடி அமுக்கினார்.

ஒரு மழைக்காலம் போனது. மகன் வரவில்லை.

காற்று மழை முடிந்ததும் டீச்சர் டவரைப் பார்க்க வந்தார். கடற்கரை ஊரில் இரும்பை அப்படியே விட்டுவைக்க முடியாது, உப்புக் காற்று தின்றுவிடும். மேலே ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கினார். கீழே இன்னாசி மோத்தா, டவரை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பிகளில் கோத்திருந்த பீங்கான்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே மேலே பார்த்துக் கத்தினார்.

“டீச்சர், இன்னும் எவ்வளவு உசரம் போட்டா அவனுக்கு எட்டும்?”

“கிரீஸ் டப்பாவைக் கயித்துல கட்டி விடுங்க.”

கட்டி விட்டார். டீச்சர் இறங்கி வந்ததும் மறுபடி கேட்டார். டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

“போடணும்னு தோணுதா?”

“தோணுது.”

“அப்பம் போடுவோம்.”

டவர் மேல் இன்னொரு துண்டு ஏற்றினார்கள். ஸ்டே கம்பிகளை மாற்றிக் கட்டினார்கள். அந்தத் தெருவில் அதைவிட உயரமாக இப்போது ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதை ராக்கெட் என்றார்கள். இன்னாசி மோத்தா மாலையானதும் உட்கார்ந்து இன்னும் பலமாகக் கூப்பிட்டார். இரைச்சலும் முன்னைவிடப் பலமாக வந்தது. அவர் மனைவி உயிரோடு இல்லை. கூப்பிட்டு ஓய்ந்து அவர் எழுந்து வரும்போது அந்த வீட்டில் விளக்குப் போடக்கூட ஆள் இருக்காது.

ஒரு நாள் அவரே டீச்சர் வீட்டுக்குப் போய் நின்றார்.

“டவர் பத்தாது டீச்சர். இன்னும் ஏத்துவோம்.”

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு அவரோடு வந்தார். நேரே ரேடியோ இருந்த அறைக்குப் போய் ஹெட்போனை அவர் காதில் மாட்டினார்.

“என்ன கேக்கு?”

“இரைச்சல்தான்.”

“என்ன இரைச்சல்?”

“இரைச்சல்ல என்ன வகை இருக்கு?”

டீச்சர் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். “இந்தா உறுமுதே, இது ஐஸ் பேக்டரி மோட்டார். டிக் டிக்னு வாரது மேலத் தெருவுல யார் வீட்டு இன்வெர்ட்டரோ. இது கோயில் கொடியேத்தத்துக்குப் போட்ட சீரியல் பல்பு. இது டிரான்ஸ்பார்மர், ஈரத்துல பொரியுது.” ஹெட்போனைக் கழற்றிவைத்தார். “ஊர்ச் சத்தம் பூரா உங்க டவர்ல ஏறி உங்க வீட்டுக்குத்தான் வருது அண்ணாச்சி.”

“அப்பம் எவ்வளவு உசரம் வேணும்?”

டீச்சர் பையிலிருந்து ஒரு கம்பிச் சுருளை எடுத்தார். கொல்லைக் கதவைத் திறந்து உப்பளத்துக்குள் இறங்கினார். உப்பளத்துக்காரரிடம் ஏற்கனவே கேட்டுவைத்திருந்தார் போல. வரப்பு ஓரமாகச் சவுக்குக் கம்புகள் ஊன்றியாகியிருந்தன. ஆள் உயரம்கூட இல்லாத கம்புகள். அவற்றில் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டே கடலைப் பார்த்துப் போனார். இன்னாசி மோத்தா பின்னாலேயே சுருளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெயிலில் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. கம்பி முடிகிற இடத்துக்கு வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“இது என்ன டீச்சர், துணி காயப் போடுத கொடி மாதிரி?”

“ஆன்டெனா.”

“இவ்வளவு தாழ்வாவா? இதுல கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்?”

“யாருக்கும் கேக்காது.”

இன்னாசி மோத்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுருளைக் கீழே போட்டார்.

“விளையாடுதியளா? எம் மவன் அங்க நடுக்கடல்ல கிடக்கான். நான் அவனைக் கூப்பிட வழி கேக்குதேன், நீங்க யாருக்கும் கேக்காத கம்பியக் கட்டுதிய. எனக்கு வயசாகுது டீச்சர். செத்த பொறவு டவர் இருந்து என்ன, இல்லாட்டி என்ன?”

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் குனிந்து சுருளை எடுத்து, மிச்சக் கம்பியை நிதானமாகச் சுற்றினார்.

“கூப்பிடுததுக்கு டவர் இருக்குல்லா?” என்றார். “இது கேக்கதுக்கு.”

வீட்டுக்கு வந்து அந்தக் கம்பியை ரேடியோவில் இணைத்தார். ஹெட்போனில் இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஐஸ் பேக்டரி இல்லை, இன்வெர்ட்டர் இல்லை. தூரத்தில் யாரோ இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொள்வது சன்னமாகக் கேட்டது. இன்னாசி மோத்தா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு ஆவலோடு மைக்குக்குக் கையை நீட்டினார். அதற்குள் டீச்சர் அதைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர்!”

“அடுத்த வாரம் கொண்டாரேன்.”

“அது வரைக்கும்?”

“கேளுங்க.”

“நான் கூப்பிடலன்னா அவன் என்ன நினைப்பான்?”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாள் இன்னாசி மோத்தாவுக்கு உட்காரவே முடியவில்லை. பேசாமல் ஒருவர் பேசுவதைக் கேட்பது என்பது அவர் ஆயுளில் செய்யாத வேலை. இரண்டு தடவை அவர் கை தானாகவே மேசை மேல் மைக் இருந்த இடத்துக்குப் போய் வெறுமையைப் பிடித்தது. பிறகு வேறு வழி இல்லாமல் கேட்டார். கண்டியில் ஒருவர் தன் மொட்டை மாடியில் காய்த்த பாகற்காயைப் பற்றிப் பேசினார். மங்களூரில் ஒருவருக்கு முழங்கால் வலி. யாரோ ஒருத்தி தன் நாய் திரும்பி வந்துவிட்டது என்றாள். எல்லாம் நூல் மாதிரி மெல்லிய குரல்கள். இத்தனை நாளும் இவர்கள் எல்லாரும் இங்கேதான் இருந்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மகன் குரல் மட்டும் இல்லை. அவர் கூப்பிடும் நேரம் வந்ததும் அந்த அலைவரிசைக்கு மாற்றிக்கொண்டு, கண்ணை மூடி, அந்த அமைதிக்குள் அவனைத் தேடினார். கத்திக்கொண்டிருந்தபோது அவன் இல்லாதது இவ்வளவு வலித்ததில்லை.

வாரம் முடிந்ததும், சொன்னபடி டீச்சர் மைக்கோடு வந்தார். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அறைக்குள் காலை வைத்ததும், “அண்ணாச்சி” என்று ஆரம்பித்தார்.

இன்னாசி மோத்தா திரும்பாமலே கையை உயர்த்தினார்.

“உஸ்.”

அவர் ஒருவரை அமைதியாக இருக்கச் சொன்னதை அந்த வீடு முதல் தடவையாகக் கேட்டது. டீச்சர் நின்றார். இன்னாசி மோத்தாவின் முகம் மாறிக்கொண்டு வந்தது. ஹெட்போனின் ஒரு காதைத் திருப்பி டீச்சருக்கும் கேட்கும்படி பிடித்தார்.

குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல விட்டுவிட்டு வந்தது.

“…அப்பா. கேக்குதா அப்பா… உங்க சத்தம் தெனமும் எனக்கு நல்லா வந்துட்டு இருந்துச்சு. நானும் தெனமும் பதில் சொல்லிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்குக் கேக்கலன்னு தெரியும்… இந்த வாரம் பூரா உங்களக் காணோமே, நீங்க கூப்பிடட்டும்னு காத்துட்டு இருந்தேன். ஒடம்புக்கு என்ன? யாராவது கூட இருக்காங்களா?… அப்பா. ஓவர்.”

டீச்சர் மைக்கைப் பொருத்தி அவர் முன்னால் வைத்தார். பேசுவது டவரிலும் கேட்பது கம்பியிலும் வரும்படி சுவிட்சைத் திருப்பினார்.

இன்னாசி மோத்தா மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாகச் சேர்த்துவைத்தது எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து நின்றது. ஏன் போனாய், எப்படி இருக்கிறாய், சாப்பிடுகிறாயா, அம்மா இருந்திருந்தால், உனக்காக எத்தனை இரும்பை ஏற்றினேன் தெரியுமா. கண்ணில் நீர் முட்டியது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே, வரப்பு ஓரம் கடல் வரை போகிற கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பட்டனை அமுக்கினார். வந்த குரல் அவருக்கே புதிதாக இருந்தது. பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

“நல்லா இருக்கேன்யா. அன்னைக்கு வாசல்ல நின்னு என்னமோ சொன்னியே… சொல்லுய்யா. ஓவர்.”

பிறகு காத்திருந்தார். ஹெட்போனில் மகன் இல்லை. கண்டிக்காரர் இல்லை. இரைச்சல்கூட இல்லை. ஒன்றுமே இல்லை. அவர் முகம் வெளிறியது. மைக்கை விழுந்துவிடாமல் பற்றிக்கொள்வது போல இறுகப் பிடித்தார். கட்டைவிரல் பட்டனில் அழுந்திக் கிடந்தது.

“போயிட்டான் டீச்சர்,” என்றார். “ஒண்ணும் கேக்கலையே.”

வடிவு டீச்சர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“கையை எடுங்க அண்ணாச்சி.”