எடு பெண்

முன்னொரு காலத்தில், அதற்கும் முந்தின காலத்தில், காகிதம் என்று ஒன்று வரப்போவதே யாருக்கும் தெரியாத காலத்தில், குடைமலை அடிவாரத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே செக்கு ஆட்டும் மருதையனுக்கு ஒரே மகள். பெயர் சொக்கம்மை. ஓலைச்சுவடியைக் கண்டால் சொக்கிப்போய் நிற்பாள் என்பதால் ஊரே அவளைச் சொக்கி என்றது.

அடடா, அவள் படிக்கிற அழகை என்னவென்று சொல்ல! செக்குப் பலகையில் பாரத்துக்குக் கல் வைப்பார்கள் இல்லையா? மருதையன் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு மகளை உட்கார வைத்தார். மாடு சுற்றும், சொக்கி படிப்பாள். எள் எண்ணெயாகி, எண்ணெய் வழிந்து தரையில் ஓடினாலும் அவளுக்குத் தெரியாது. புது ஏடு கைக்கு வந்தால் முதலில் மூக்கில் வைத்து முகர்வாள். கதையில் ராஜகுமாரன் தப்பான வழியில் போனால், “அடே, அந்தப் பக்கம் போகாதேடா!” என்று கத்துவாள். மாடு மிரண்டு நின்றுவிடும். இரவல் வாங்கின ஏட்டை எண்ணெய் தடவித் துடைத்துத்தான் திருப்பித் தருவாள். தன் ஏட்டை யாருக்காவது இரவல் கொடுத்தாலோ, தெருவில் பார்க்கும்போதெல்லாம் “நல்லா இருக்கா?” என்று கேட்பாள். ஆளையல்ல, ஏட்டை!

ஒருநாள் காலையில் ஊருக்கே தண்ணீர் தருகிற தேனாறு நின்றுபோனது. சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே போய்ப் பார்த்தால், ஆறு பிறக்கிற குகைவாயில் குறுக்கே ஒரு பூதம் உட்கார்ந்திருக்கிறது! பனைமர உயரம், நெல் கொட்டி வைக்கிற பத்தாயம் போல வயிறு, கழுத்தில் ஒரே ஒரு அழுக்கு ஓலை.

முதலில் சேனாதிபதி போனார். அம்பு மழை பொழிந்தார். பூதம் அசையவில்லை. ஓலையைத் தொட்டுக் காட்டி, “ம்... ம்...” என்றது. அடுத்துப் பூசாரி போனார். அண்டா அண்டாவாகப் பொங்கல் வைத்தார். பூதம் தொடவில்லை. ஓலையைத் தொட்டுக் காட்டி, “ம்... ம்...” என்றது. கடைசியில் அரண்மனைப் புலவர் அடுக்குமொழியார் போனார். பரணில் நூறு சுவடி அடுக்கி வைத்திருக்கிற மனிதர். சொக்கி மூன்று தடவை இரவல் கேட்டும் ஒன்றுகூடக் கொடுக்காதவர். ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எட்டிப் பார்த்து, ஓலையைப் படித்தார். படித்ததும் எடுத்தார் ஓட்டம்.

“மகாராஜா! ஓலையில் ‘எடு பெண்’ என்று எழுதியிருக்கிறது. பூதம் பெண் கேட்கிறது!”

ராஜா சிம்மாசனத்தைவிட்டு எழுந்தார். “எந்தப் பெண்ணைக் கொடுப்பேன் புலவரே?”

“செக்கடியில் சொக்கி என்று ஒருத்தி. அடுப்புக்கும் ஆகமாட்டாள், அகப்பைக்கும் ஆகமாட்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, மகாராஜா.”

மூன்று நாளாய் ஊரில் பிள்ளைகள் தாகத்தில் அழுகின்றன. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்.

மருதையன் மண்ணில் புரண்டு அழுதார். “என்னைக் கொண்டுபோங்க சாமி! நான் வாழ்ந்து முடிச்சவன்!” சேவகர்கள் தலை குனிந்து நின்றார்கள். சொக்கிக்கும் பயம்தான். ஆனாலும், “கொஞ்சம் இருங்கண்ணா. இரவல் வாங்கின ஏடு மூணு இருக்கு, குடுத்துட்டு வந்துடறேன்” என்று வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்ப வாங்கிக்கொண்டவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். பெண்கள் அவள் தலையில் எண்ணெய் வழிய வழியத் தடவி, பூச்சூட்டி அனுப்பினார்கள்.

குகைவாசலில் அவளை விட்டுவிட்டுச் சேவகர்கள் இறங்கிவிட்டார்கள். பூதம் குனிந்து பார்த்தது. சொக்கி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் எழுத்து இருக்கிற இடத்தில் அவள் எவ்வளவு நேரம் கண்ணை மூடியிருப்பாள்? ஒரு கண்ணைத் திறந்தாள். இரண்டாவதையும் திறந்தாள். உயிர் போகிற நேரத்திலும், “ஐயோ, இந்த ஓலையை யாரு இப்படி அழுக்கா விட்டது!” என்று கிட்டே போனாள்.

“எடு பெண்” என்று படித்தாள். பூதம் தலையைத் தலையை ஆட்டி, “ம்ஹூம்” என்றது.

“எடு, பெண்ணே! என்னைத்தான் எதையோ எடுக்கச் சொல்றியா?” பூதம் மறுபடி, “ம்ஹூம்” என்றது. அதன் கண்ணில் தண்ணீர் திரண்டது.

அப்போதுதான் சொக்கிக்குச் சுரீர் என்றது. அந்தக் காலத்து ஓலையில் புள்ளி கிடையாது, தெரியுமா? எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்றும் ஓலை சொல்லாது. ‘எ’ என்றாலும் ‘ஏ’ என்றாலும் ஒரே கோடுதான், ‘பெ’ என்றாலும் ‘பே’ என்றாலும் ஒரே கொம்புதான். ஆயிரம் ஏடு படித்த சொக்கிக்கு இது விளையாட்டு மாதிரி. பயத்தில் அதையே மறந்துவிட்டாள், பாவம்.

எழுத்துகளை ஒருமுறை விரலால் தடவினாள். நீட்டிப் படித்தாள்.

“ஏடு பேண்!”

பூதம் குலுங்கிக் குலுங்கி அழுதது. ஏட்டைப் பேணிக் காப்பாற்று என்றுதான் அந்த ஓலை இத்தனை நாளும் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது! “இவ்வளவுதானா? அழாதே, அழாதே” என்றாள் சொக்கி. எண்ணெயில் ஊறின தன் பின்னல் நுனியால் ஓலையைப் பதமாகத் துடைத்தாள். ஒரு துடைப்பு, அழுக்குப் போனது. இரண்டாம் துடைப்பு, எழுத்து மின்னியது. மூன்றாம் துடைப்பு, பனைமர உயரப் பூதம் படபடவென்று சுருங்கி, ஒல்லியான ஒரு மனிதனாக அவள் முன்னால் நின்றது. ஹோ என்று ஆறு பாய்ந்தது.

“நான் ஒரு மாயாவியின் ஏடு காக்கிறவன் அம்மா. பூட்டி வைத்தேனே தவிர ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை. பாதியைக் கறையான் தின்றுவிட்டது. ‘ஊமைப் பூதமாகக் கிட. இந்த ஓலையைச் சரியாகப் படித்து அதன்படி செய்கிறவர் வந்தால்தான் விமோசனம்’ என்று மாயாவி சபித்துவிட்டார். முந்நூறு வருஷம் உள்ளே காத்திருந்தேன். யாரும் வரவில்லையே என்று வாசலுக்கு வந்தேன். தண்ணீர் அடைபடும் என்று தெரியாது, தாயே.”

“மீதிப் பாதி?” என்றாள் சொக்கி.

“உள்ளே, நனையாத மேட்டில் இருக்கிறது.”

அவள் உள்ளே ஓடின வேகத்தை ஆறுகூடப் பிடித்திருக்க முடியாது!

ஊருக்குள் தண்ணீர் வந்ததும், பூதம் பெண்ணைத் தின்றுவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ராஜாவும் புலவரும் குதிரையில் வந்து பார்த்தால், எலும்பும் இல்லை, பூதமும் இல்லை. சுவடி மலைக்கு நடுவில் சொக்கி, பக்கத்தில் ஏடு துடைத்துக்கொண்டு அந்த ஒல்லி மனிதன். நடந்ததைக் கேட்ட ராஜா வெட்கித் தலைகுனிந்தார். “இனி என் நாட்டில் உயிர் சம்பந்தப்பட்ட எந்த ஓலையையும் இரண்டு பேர் படித்துச் சொல்லாமல் நான் உத்தரவு போடமாட்டேன். இந்தக் குகையும் ஏடுகளும் உனக்கே, அம்மா” என்றார். புலவரின் நூறு சுவடியும் அன்றைக்கே பரணைவிட்டு இறங்கின, ஊரார் படிக்க.

எல்லாருக்கும் கடைசியாக மருதையன் வந்து சேர்ந்தார். வயசான கால். மகளின் உடம்பைப் போர்த்திக் கொண்டுவர ஒரு வெள்ளைத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சிரைக்க மலையேறி வந்தார். குகைவாசலில் நின்று, “தாயி...” என்றார்.

ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொக்கி சொன்னாள்: “கொஞ்சம் இருங்கப்பா. பாவம், இந்த ராஜகுமாரன் கிணத்துக்குள்ள விழுந்துட்டான். தூக்கிவிட்டுட்டு வந்துடறேன்.”

மருதையன் அப்படியே உட்கார்ந்தார். அந்த வெள்ளைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். கிணற்றில் விழுந்தவன் மேலே ஏறி வருகிறவரைக்கும் மகளை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

தண்ணீர் ஊருக்கு, ஏடு சொக்கிக்கு, கதை உங்களுக்கு!