தாட்டான் போட்ட நேர்வழி

நெருங்கி உட்காருங்கள். பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் விடுங்கள்.

ஒரு குளத்தின் நடுவே ஒரு நாவல் மரம். அதில் தாட்டான் என்ற குரங்கு இருந்தது. காட்டு மிருகங்களின் குட்டிகளுக்கு விளையாட்டுக் காட்டும்வரை மரம் அதற்கு. குட்டிகள் வராமல் போனால் கரையில் காத்திருந்த கரடிக்கு. அதுதான் பேச்சு.

தாட்டான் கரையிலிருந்து மரம்வரை கட்டைகளைக் கொடியால் கட்டி ஒரே வரிசையாக மிதக்கவிட்டது. தாவிக்கொண்டே வந்தால் முடிவில் நாவல் பழம். குட்டிகள் வந்தன, தாவின, தின்றன, போய்விட்டன. மறுநாள் பாதிதான் வந்தன. அதற்கடுத்த நாள் கீரிக்குட்டி மட்டும்.

"மத்தவங்க எங்கேடா?"

"அதான் பார்த்தாச்சே மாமா."

சொல்லிக்கொண்டே அது ஒரு கட்டையின் பொந்தில் தலையை விட்டது. தாட்டான் ஓடிவந்து வாலைப் பிடித்து இழுத்தது.

"அங்கே என்ன பார்வை? நேரா போ."

"உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லேன்னா ஏன் மாமா இழுக்கறீங்க?"

தாட்டான் தலையில் அடித்துக்கொண்டது. போதாததற்குக் கரையில் கரடி நாவல் மரத்தைப் பார்த்துச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

மேல்கிளையில் குடியிருந்த வரிச்சி அணில் எட்டிப் பார்த்தது. "அண்ணே, எறும்பு மாதிரி வரிசையா ஓட்டினா எந்தக் குட்டி திரும்பி வரும்?"

"நேர்வழியில போகச் சொல்றது தப்பா? குறுக்குவழிப் புத்தியை நான் பழக்க மாட்டேன்."

"நேர்வழின்னா யோக்கியமா நடக்கறதுண்ணே. கோடு போட்டு அது மேல நடக்கறது இல்லை."

தாட்டான் காதில் ஏறவில்லை. மத்தியானம் அது குறட்டை விட்டபோது, வரிச்சி கொடிகளையெல்லாம் கடித்து அறுத்துவிட்டது. கட்டைகள் குளமெங்கும் பரவின. பழங்களைப் பொந்துகளிலும் தாமரை இலைகளின் மேலும் ஒளித்தது. எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு கொத்தை மட்டும் உச்சிக்கிளையில் விட்டுவைத்தது.

தாட்டான் விழித்து, "ஐயோ, என் வழி" என்று அலறியது.

"வழியைக் காணோமாம், வாங்கடா!" என்று கீரிக்குட்டி காட்டையே கூட்டி வந்தது. ஒன்று வழுக்கி விழுந்தது. ஒன்று பழம் தின்று வாயெல்லாம் ஊதாவாகப் பொந்திலிருந்து எழுந்து வந்தது. அம்மாக்கள் வந்து கூப்பிட்டும், "அந்தப் பக்கம் இன்னும் பார்க்கலை" என்று குட்டிகள் நகர மறுத்தன. கரடி முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போயிற்று.

மரம் தப்பியது. தாட்டான் சும்மா இருந்ததா? கிளையில் நின்று, "இடப்பக்கம் பாரு, பொந்துல இருக்கு, கையை விடு" என்று கத்திக்கொண்டே இருந்தது. குட்டிகள் முகம் சுளித்தன.

வழி போட்டுக் கொடுக்கிறவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வரிச்சி, கைக்கு எட்டிய பழத்தையெல்லாம் எடுத்துத் தாட்டானின் வாயில் திணித்தது.