கறையான் மூடிய வழி

அந்தக் காலத்தில் கறையான்கள் ஒளிந்து வாழவில்லை. எறும்புகளோடு சண்டை போட்டுக்கொண்டும் மனிதர்களோடு ஊர்வம்பு பேசிக்கொண்டும் பட்டப்பகலில் திரிந்தன. மரங்கள் உதிர்த்த சருகுதான் அவற்றுக்குச் சாப்பாடு. முட்டைகளை மட்டும் ஆழத்தில், இலுப்பை வேர்கள் போய் முடிகிற இடத்தில் வைத்திருந்தன. அங்கே ஒரு கருமை குடியிருந்தது. வேர்கள் ஊட்டியதைத் தின்றுவிட்டுச் சத்தமில்லாமல் உறங்கும். அது உறங்கிக்கொண்டிருக்கும்வரை அடிமண் ஈரமாகவும் பஞ்சுபோலவும் இருக்கும்.

சடையன் என்பவன் சாமை விதைப்பதற்காக அந்தக் காட்டை வெட்டினான். மரங்கள் போய்விட்டன, வேர்கள் போகவில்லை. ஏர் ஓட்டும்போதெல்லாம் கொழு வேரில் மாட்டிக்கொண்டது.

கறையான்களின் தாயைக் கூப்பிட்டான். "ஏ வெள்ளைச்சி, உன் பிள்ளைகளுக்குப் பல்லு இருக்கா, இல்ல வாய் மட்டும்தானா? இந்த வேரையெல்லாம் தின்னு தீர்த்துக் கொடு. ஒவ்வொரு அறுப்புக்கும் சாமைத் தாள் முழுக்க உனக்குத்தான்."

வேரில் வாய் வைக்க வெள்ளைச்சி தயங்கினாள். ஆனால் மரம் போனதோடு சருகும் போய்விட்டது. பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள்.

தங்கை மெல்லி காதோடு சொன்னாள். "மேல் வேரோட நிறுத்திக்கலாம்க்கா. அடிவேரையும் தின்னுட்டா கீழே இருக்கறதுக்கு யாரு சோறு போடுவா?"

"பாதி வேலைக்கு அவன் தாள் கொடுப்பானாடி? பேசாம வா."

தின்றார்கள். கடைசி நுனிவரை தின்றார்கள். அந்த நுனி தீர்ந்ததும் இருட்டுக்குள் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

"யாரடி அது?"

மெல்லி முட்டை அறைப் பக்கம் ஓடினாள்.

வேர்கள் இருந்த இடமெல்லாம் நீளமான பொந்துகளாகிவிட்டன. ஏர் மேல்மண்ணைப் பிளக்கப் பிளக்க அவற்றின் வழியே காற்று இறங்கியது. விழித்துக்கொண்ட கருமைக்கு ஊட்ட யாரும் இல்லை. அது தன்னையே தின்னத் தொடங்கியது. தின்னத் தின்ன வெதுவெதுப்பான மூச்சாக மாறி மேலே போனது. முட்டை அறையின் சுவர்கள் வெளுத்தன, ஈரம் வற்றியது. ஓரத்தில் இருந்த முட்டைகள் ஒவ்வொன்றாகச் சுருங்க ஆரம்பித்தன.

வெள்ளைச்சி அலறிக்கொண்டு மேலே ஓடினாள். "அண்ணே, ஏரை நிறுத்துங்க! கீழே இருக்கறது வெளியே போகுது!"

"எது போகுது? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

"அந்தப் பொந்து மேல கைய வச்சுப் பாருங்க."

சடையன் சிரித்துக்கொண்டே வைத்தான். யாரோ உள்ளங்கையில் வாய் வைத்து ஊதுவதுபோல் இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். சிரிப்பு போய்விட்டது. மாடுகளைப் பார்த்தான், மேகத்தைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை.

"விதைக்கிற நேரம் தப்பிரும் வெள்ளைச்சி. இந்த வருஷம் மட்டும்..." என்று முனகிவிட்டு மறுபடி ஏரைப் பிடித்தான்.

அவள் கீழே இறங்கினாள். மெலிந்துபோன கருமை அவள் முகத்தருகே வந்து நின்றது.

"பசிக்குது," என்றது.

அவ்வளவுதான் சொன்னது. வெள்ளைச்சி மண்ணை எச்சிலில் குழைத்துப் பொந்தின் வாயில் அப்பினாள். "அடைங்கடி! ஒரு பொட்டு வெளிச்சம் வரக் கூடாது. வெளிச்சம் வர்ற வழியிலதான் அது போகுது!" பிள்ளைகள் ஓடி ஓடி அடைத்தார்கள். மெல்லி மேலே கிடந்த பட்ட கிளையைக் கடித்து, தூள்தூளாகக் கீழே இறக்கினாள். கருமை அதை வாங்கித் தின்றது. மூச்சு மெதுவாக அடங்கியது. முட்டைகளில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சியிருந்தது. வெள்ளைச்சி அவற்றை அணைத்துக்கொண்டாள். ஆனால் கருமை பழையபடி உறங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு அடுத்த வாய்க்குக் காத்திருந்தது.

அன்று முதல்தான் கறையான் வெயிலில் தலைகாட்டுவதில்லை. எங்கே போனாலும் தன் வழியை மண்ணால் மூடிக்கொண்டே போகிறது. விழுந்த மரம், காய்ந்த தாள், நம் வீட்டுக் கதவு, எது கிடைத்தாலும் அரித்துக் கீழே இறக்குகிறது. கீழே இன்னும் பசி அடங்கவில்லை.