பதினேழாம் நம்பர் கைப்பிடி

டிராம் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது.

தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு மடம். மடத்தில் ஒரு சாமியார். சிடுமூஞ்சி. உபதேசம் வேண்டும் என்று யாராவது வந்தால், வேறு வேலை இல்லையா என்பார்.

அவருக்கு ஒரு சிஷ்யை. மரகதவல்லி. டிராம் பணிமனைத் தலைமைப் பொறியாளர். ஓய்வு பெறுகிற வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை வந்தாள். வணங்கினாள். உட்கார்ந்தாள்.

"தூக்கம் இல்லையா?" என்றார் சாமியார்.

"இல்லை சாமி."

"எனக்கும்தான். உன் வண்டி மணி கேட்டே தூங்கிப் பழகிட்டேன். இப்ப ஊரே செத்த மாதிரி கிடக்கு. சரி, விஷயத்தைச் சொல்லு."

சொன்னாள்.

நகரத்து டிராம்கள் கிழடாகிவிட்டன. ஒவ்வொன்றாக உடைப்புக்குப் போயின. பதினேழாம் நம்பரை மட்டும் நினைவுக்காக வைத்துக்கொண்டார்கள். வர்ணம் அடித்து, பித்தளையெல்லாம் துலக்கி, கண்ணாடிக் கூடம் கட்டியாயிற்று. நாளை மறுநாள் மந்திரி ஏறி ஒரு சுற்று போய் இறங்குவார். அதன்பிறகு வண்டி கூடத்துக்குள் நிற்கும். எல்லாம் தயார். கைப்பிடிதான் இல்லை.

"என்ன கைப்பிடி?"

"டிரைவர் முன்னாடி ஒரு பெட்டி இருக்குமே சாமி. அதுல மாட்டித் திருப்பற பித்தளைப் பிடி. கழற்றிட்டா வண்டி அசையாது. வண்டிக்கு ஒண்ணுதான், வேற வண்டிப் பிடி பொருந்தாது."

"யார்கிட்ட இருக்கு?"

"கடைசியா ஓட்டின சூசைமாணிக்கம்கிட்ட. தர மாட்டேங்கறார்."

"திருடிட்டானா?"

"மேலே இருக்கிறவங்க அப்படித்தான் சொல்றாங்க. நாளைக்குள்ள வரலைன்னா போலீஸ்ல புகார். அதுல நான்தான் கையெழுத்துப் போடணும். வாழ்நாள் பூரா அந்த வண்டியை ஓட்டினவர் சாமி. ஒருத்தருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. அவரைத் திருடன்னு எழுதணுமா? எழுதலைன்னா வண்டி ஓடாது. ஓடாத வண்டியை எதுக்கு வைக்கணும்னு அதையும் உடைப்புக்கு அனுப்பிடுவாங்க. யாரைக் காப்பாத்தறது? மனுஷனையா, வண்டியையா?"

சாமியார் காதைச் சொறிந்தார்.

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"கடைசி நாள் ஆபீஸ் வாசல்ல மேஜை போட்டு ஒரு தட்டு வெச்சோம். எல்லா டிரைவரும் கைப்பிடியை அதுல போட்டுட்டுப் போனாங்க. இவர் தட்டையே பார்த்துக்கிட்டு நின்னார். 'எனக்கு அடுத்த ஆள் யாரு?'ன்னார். 'வண்டியே நின்னு போச்சு, ஆள் எதுக்கு, தட்டுல வைய்யா'ன்னாங்க. திரும்பிப் போயிட்டார்."

"அதுக்கு முன்னால எப்படி?"

"ஷிப்ட் மாறும்போது கையிலதான் கொடுப்பாங்க. கீழே வைக்கிற பழக்கம் கிடையாது. ராத்திரி கடைசி வண்டி வந்தா வாட்ச்மேன் வாங்கிக் கழுத்துல மாட்டிக்குவார். கொடுக்கிறவர் 'யாரையும் இடிக்கலை'ம்பார். வாங்கறவர் 'புண்ணியம்'பார்." அவள் சலித்துக்கொண்டாள். "அதுக்காக? தட்டுல வெச்சா என்ன சாமி? ஆபீஸ்ல சேர்ந்த மாதிரிதானே?"

சாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மரகதவல்லி பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்து நீட்டினாள். வரும்போதெல்லாம் கொண்டுவருவாள். அவரும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்குவார். எவ்வளவு சிடுசிடுப்பு இருந்தாலும் வாங்குகிற நேரத்தில் அவர் தலை குனியும்.

இன்று எழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தத் தூணோரம் வச்சிட்டுப் போ."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு வைத்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"நான் ஏதாவது தப்பா..."

"ஏன்? மடத்துல சேர்ந்த மாதிரிதானே?"

அவள் சற்று நேரம் பழத்தைப் பார்த்தாள். எழுந்து போனாள்.

சூசைமாணிக்கத்தின் வீடு பணிமனைக்குப் பின்னால். வாசலில் அவர் மனைவி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. தனியாவா, போலீஸோடயா?"

"தனியாத்தான்."

"உள்ளேதான் இருக்கார். குளிக்கும்போதும் கழுத்துலதான் தொங்குது. எனக்குத் தாலி கட்டினார். இப்ப அவரும் ஒண்ணு கட்டிக்கிட்டார்."

சூசைமாணிக்கம் வெளியே வந்தார். மார்பில் கயிறு. கயிற்றில் பித்தளைக் கைப்பிடி.

"தட்டு கொண்டாரலையா மேடம்?"

"இல்லண்ணே."

செருப்பைக் கழற்றினாள். கிட்டே போனாள். வலது கையை நீட்டி இடது கையை அதன் கீழே கொடுத்தாள்.

அவர் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார். கயிற்றைக் கழற்றினார். கைப்பிடியை வேட்டி முனையால் துடைத்தார். அவள் உள்ளங்கையில் வைத்தார். கனமாக இருந்தது. அவர் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது.

"யாரையும் இடிக்கலை."

"புண்ணியம்," என்றாள் மரகதவல்லி.

அவர் கை இன்னும் விடவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

"புண்ணியம் அண்ணே. இந்த ஊருக்கே நீங்க செஞ்ச புண்ணியம்."

அப்போதுதான் விட்டார். வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டார். சிரித்தார்.

"என்னடி பார்த்துக்கிட்டு நிக்கிறே? அம்மாவுக்குச் சோறு போடு."

"ஒரு மாசமா இந்த மனுஷன் சிரிக்கலைம்மா," என்றாள் மனைவி. "உட்காருங்க. மீன் குழம்பு சாப்பிடாம நகரக் கூடாது."

மரகதவல்லி வலது கையால் சாப்பிட்டாள். இடது கையில் கைப்பிடி. இலையோரம் வைக்க மனம் வரவில்லை. சூசைமாணிக்கம் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

சாயங்காலம் மடத்துக்கு வந்தாள். பழம் தூணோரம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"எடுத்துக் கொடு," என்றார் சாமியார்.

ஒரு கையால் எடுத்துக் கொடுத்தாள். மறு கையில் கைப்பிடி இருந்தது. அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். தலை குனிந்தது. ஒரு பழம் உரித்துத் தின்றார்.

"கொடுத்துட்டார் சாமி," என்றாள். "புகார் தேவையில்லைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் நிக்கிறே?"

"கண்ணாடிக் கூடத்துல இதுக்குன்னே ஒரு பெட்டி செஞ்சிருக்காங்க. உள்ளே வெல்வெட் துணி. மந்திரி இறங்கினதும் இதை அதுல வெச்சுப் பூட்டணுமாம். காலையில அது சரின்னு பட்டது." கைப்பிடியை மாற்றிப் பிடித்தாள். "வாங்கினதுலேர்ந்து கையிலயே இருக்கு. ஆபீஸ் மேஜை மேல வைக்கப் போனேன், முடியலை. இதை எங்கே சாமி வைக்கிறது?"

சாமியார் இன்னொரு பழத்தைப் பிய்த்தார்.

"வைக்கிறதுக்கா வாங்கினே?"