தாளாளர் படுத்த தொட்டில்

பள்ளி வேன் ஓட்டுகிற பூவாத்தாள் தினமும் தாளாளரிடம் முறையிட்டாள். ஷாக் அப்சார்பர் செத்துப்போய், பிரேக் போட்டாலும் வேன் குதித்துக் குதித்துத் தள்ளிப்போய்த்தான் நின்றது. உள்ளே அத்தனையும் பச்சைப்பிள்ளைகள்.

"மாத்திக் குடுங்கய்யா, எங்கயாச்சும் மோதிரும்."

"தொட்டிலாட்டம் ஆடுது, பிள்ளைங்க சுகமாத் தூங்கும். இஷ்டமில்லன்னா வேலைய விட்டுப் போ!" என்றார் தாளாளர் ஞானதுரை.

"அப்ப ஆண்டுவிழாச் சாப்பாட்டுக்கு வேன்ல கொண்டுவர்ற ரசத்த நீங்களே மடியில வெச்சுக்கிட்டு வாங்கய்யா. சிந்தலன்னா நான் போயிடறேன்."

ஆண்டுவிழாவன்று வீறாப்பாகப் பட்டுவேட்டியோடு ஏறினார். ஆறின ரசம்தான், வாளி நிறைய. மெதுவாகத்தான் ஓட்டினாள். வேகத்தடையில் வேன் குதித்தது. பிரேக்கை மிதித்தும், பள்ளி வாசலில் நின்ற பெற்றோரைத் தாண்டிப்போய்த்தான் நின்றது.

இறங்கியவரின் வேட்டியைப் பார்த்து எல்லாரும் வாயைப் பொத்தினார்கள்.

"சிரிக்காதீங்க," என்றாள் பூவாத்தாள். "தொட்டில்ல கிடந்தா நனையத்தானே செய்யும்?"

சாயங்காலமே மெக்கானிக் வந்துவிட்டார்.