பெட்டிக்குள் ஒரு கோழிக்குஞ்சு

அன்று காலை இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் இவர்கள்: தலைமையாசிரியை தில்லைநாயகி, அவரிடம் கற்பித்தல் பழக வந்திருந்த ஜெசிந்தா, பிள்ளைகளான பேச்சியப்பன், நூர்ஜகான், கதிரொளி, எல்லோரிலும் சிறியவளான தவமணி. மேசைமேல் இருந்த காலணிப் பெட்டிக்குள் ஒரு கோழிக்குஞ்சும் இருப்பதாகவே ஜெசிந்தா நினைத்திருந்தாள்.

மறுநாள் தேர்வாளர் வருகிறார். அவர் முன்னிலையில் அவள் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சென்ற ஆண்டு இதே தேர்வில் தவறியவள் அவள். இம்முறையும் தவறினால் ஆசிரியர் வேலையை மறந்துவிட்டு மாமாவின் ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போகலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். போவதில்லை என்று அவள் உறுதி கொண்டிருந்தாள்.

நடத்த வேண்டிய பாடம் வியப்புக்குறி. விளக்கிச் சொன்னால் பிள்ளைகளுக்கு அது விளங்காது, முதலில் வியக்க வைத்துவிட்டுப் பிறகு எழுதச் சொல்ல வேண்டும் என்று அவள் சரியாகவே கண்டுகொண்டாள். சில நாட்களுக்கு முன் கோழிக்குஞ்சு ஒன்றை வாங்கிவந்து பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். அன்று வகுப்பே துள்ளிற்று. அந்த நாளை நழுவவிட அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாளும் அதே பெட்டி, அதே குஞ்சு. அதற்கடுத்த நாளும் அவ்வாறே. யார் எங்கே நிற்பது, எப்போது கைதட்டுவது, எந்த வாக்கியத்தை எழுதுவது எல்லாம் படிந்துவிட்டன.

முந்தின நாள் மாலை, இதில் இன்னும் என்ன குறை என்று தில்லைநாயகியிடம் கேட்டாள். அவர் குறை எதுவும் சொல்லவில்லை. காலையில் இன்னொரு முறை நடத்து என்றார்.

காலையில் ஜெசிந்தா மேசைக்குப் பின்னால் நின்று, மூடியைப் பிள்ளைகள் பக்கமாகத் திறந்தாள். தலைகள் குனிந்தன. அவள் அவர்கள் வாயையே பார்த்திருந்தாள்.

"ஆகா! எவ்வளவு அழகான கோழிக்குஞ்சு!"

குரல்கள் பிசகாமல் ஒன்றாக எழுந்தன. பிள்ளைகள் சிலேட்டில் எழுதத் தொடங்கினார்கள். தவமணி மட்டும் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"டீச்சர், குஞ்சு எங்க?"

"உள்ளதான் இருக்கு. போய் எழுது."

"இல்ல டீச்சர்."

பேச்சியப்பன் தலை நிமிராமலே சொன்னான்: "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? மஞ்சளா இருக்குல்ல."

நூர்ஜகான் சிரித்தாள். ஆட்டுக்குட்டியைப் பார்த்து நாய் என்றவள்தானே இவள் என்று நினைவூட்டினாள். கதிரொளி தன் சிலேட்டைத் தூக்கிப் பிடித்து, குறி நேராக விழுந்திருக்கிறதா என்று கேட்டான். நாளைக்கும் தவமணி இப்படி நின்றால் என்ன ஆவது என்று ஜெசிந்தா யோசித்தாள். அவளைப் பின்னால் உட்கார வைக்கலாமா, வரவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட மனம் ஓடிற்று.

தவமணி பெட்டியைக் கவிழ்த்தாள். கொஞ்சம் தவிடு கொட்டியது. வேறொன்றும் விழவில்லை.

சிலேட்டுக் குச்சிகள் நின்றன.

குஞ்சு சத்துணவுக் கூடத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருக்கிறது, கொண்டுபோய் விட்டது தாம்தான் என்று தில்லைநாயகி அமைதியாகச் சொன்னார். பிள்ளைகள் அதைப் பார்க்க ஓடினார்கள். பேச்சியப்பன்தான் முதலில் ஓடினான்.

தேர்வுக்கு முந்தின நாளில் இப்படிச் செய்யலாமா என்று கேட்க ஜெசிந்தாவுக்கு நாக்குத் துடித்தது. கேட்டது வேறு.

"நாளைக்கு இதை இப்படியே நடத்தினால் தேறுவேனா அம்மா?"

"தேறுவாய். தேர்வாளர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரும் பெட்டிக்குள் பார்க்கப் போவதில்லை."

"மாற்றி நடத்தினால்?"

"எனக்குத் தெரியாது."

கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் பூவேலை செய்து எழுதியிருந்த வாக்கியத்தை ஜெசிந்தா சற்று நேரம் பார்த்தாள். பிறகு துடைப்பானை எடுத்து, மேலிருந்து கீழாக, ஓர் எழுத்தும் மிஞ்சாமல் துடைத்தாள்.

"அப்படியென்றால் நாளை பெட்டியில் எதை வைப்பது அம்மா?"

"எதை வேண்டுமானாலும் வை. திறந்ததும் நீயும் எட்டிப் பார்."

ஜெசிந்தா கையிலிருந்த சுண்ணப்பொடியைத் தட்டிவிட்டு வெளியே நடந்தாள்.