கேட்காதவர் பங்கு

நம்புகிறவர்கள் நம்புங்கள்: தேரிக்காட்டுத் தேவாலயத்தில் ஞானாபரணம் போதகர் நரகத்தைப் பற்றிப் பேசினால், வெளியே பனைமரத்துக் கலயத்தில் பதநீர் கொதித்துவிடும்.

தேவாலய விருந்துகளுக்குச் சமைக்கும் கொம்பையா ஞானஸ்நானம் கேட்டதற்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார்: "அசன விருந்து முடிந்ததும் சபை முன்னால் நின்று, வேதம் கேட்காமலே செத்த உன் அம்மா நரகத்தில் இருக்கிறாள் என்று சொல்லு."

அம்மா முகத்தை இன்னொரு தரம் பார்க்கத்தானே அவன் மோட்சமே கேட்டான்!

விருந்தன்று பந்திக்குக் கூப்பிடும் மணியைக் கொம்பையா அடிக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டான், போதகர் வீட்டைத் தவிர. அவர் பசியோடு ஓடி வந்தபோது கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது.

"எனக்குச் சோறு எங்கேடா?"

"நேரத்துக்கு வராதவங்களுக்குச் சோறு கிடையாதே, ஐயா."

"என்னை யாருமே கூப்பிடலையே! அது என் குத்தமா?"

"எங்க அம்மாவும் அதைத்தான் சொல்லுவா, ஐயா."

ஊரே சிரித்தது. கொம்பையா மட்டும் சிரிக்கவில்லை. மூடி வைத்த சட்டியைக் கொண்டுவந்து, அவருக்கு இலை போட்டுப் பரிமாறினான். வராதவர்களுக்கு முதல் சோற்றை எடுத்து வைத்த பிறகே பந்தி போடுவது அந்த ஊர் வழக்கம்.

"நம்ம சட்டியிலேயே இப்படி எடுத்து வைக்கிறோம். மேலே எங்க அம்மாவுக்கு எடுத்து வச்சிருக்க மாட்டாகளா, ஐயா?"

போதகர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, பக்கத்து இலைக்குக்கூடக் கேட்காதபடி சொன்னார்:

"எங்க அம்மாவும் வேதம் கேட்காமத்தான் போனா, கொம்பையா. அவளுக்கும் ஒரு கை எடுத்து வச்சிருப்பாகளா?"